சிறுநீரகத்தில் தெரிந்த நிழல்: நுண்குமிழி ஸ்கேன் எந்தக் கேள்விக்கு விடை தருகிறது?

பித்தப்பைக் கல்லுக்காகவோ வயிற்று வலிக்காகவோ அல்ட்ராசவுண்ட் செய்துகொள்ளச் சென்றவர், சிறுநீரகத்தில் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதப்பட்ட அறிக்கையுடன் திரும்புவது இப்போது அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. அத்தகைய அறிக்கைகளில் ‘லீஷன்’ என்ற சொல் வரும். இயல்பான திசுவிலிருந்து மாறுபட்டுத் தெரியும் ஓர் இடம் என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஆயினும் அறிக்கை வீடு போய்ச் சேர்வதற்குள் அது ‘கட்டி’ என்றும், மறுநாள் காலையில் ‘கேன்சர்’ என்றும் உறவினரிடையே பெயர் மாறிவிடுகிறது. எங்களிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் நாள் காலையில்தான் வருகின்றன.

பல நோயாளிகளின் அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்து ஒருவரை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அவருக்கு வயது 62. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கால் வீக்கத்துக்காகப் பரிசோதித்தபோது இரத்தத்தில் கிரியாட்டினின் 2.8 இருந்தது, அதாவது சிறுநீரகங்களின் வடிகட்டும் திறன் இயல்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. அல்ட்ராசவுண்டில் வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று சென்டிமீட்டர் அளவில் ஒரு கருமையான உருண்டை தெரிந்தது. தெளிந்த நீர் நிறைந்த சாதாரண நீர்க்கட்டியாக இருந்தால் அதன் உட்புறம் முழுக் கறுப்பாக இருக்கும். இதனுள்ளோ மங்கலான புள்ளிகள் தெரிந்தன. சாயம் செலுத்தாமல் சி.டி. எடுத்துப் பார்த்தோம். திசுக்களின் அடர்த்தியைச் சி.டி. ஓர் எண்ணாகத் தரும். நீருக்கு அந்த எண் பூஜ்யம். 20 வரை இருந்தால் எளிய நீர்க்கட்டி என்றும், 70-க்கு மேல் சீராக இருந்தால் பழைய இரத்தம் தேங்கிய நீர்க்கட்டி என்றும் பெரும்பாலும் துணிந்து கூறலாம். இவருக்கு வந்தது 45. அது திடமான கட்டியாகவும் இருக்கலாம், கெட்டியான திரவம் நிறைந்த நீர்க்கட்டியாகவும் இருக்கலாம்.

அவருடைய மகன் எங்களிடம் கேட்டது இதுதான்: “டாக்டர், கேன்சரா இல்லையான்னு மட்டும் சொல்லிடுங்க. ஆனா அதுக்காக ஏதாவது ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கப் போய், அப்பாவுக்கு டயாலிசிஸ் வந்துடக் கூடாது.”

இரண்டு அச்சங்களும் நியாயமானவை. இரண்டும் ஒரே உறுப்பைப் பற்றியவை என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

மேற்கண்ட உருண்டை திடக்கட்டியா, திரவமா என்பதை முடிவு செய்ய ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால் பெரும்பாலும் போதும்: அதனுள் இரத்தம் ஓடுகிறதா? உயிருள்ள திசு எதுவாயினும், தீங்கற்றதோ தீயதோ, இரத்தம் இன்றி வளர முடியாது. தேங்கிய திரவத்துக்குள் இரத்தக் குழாய் இராது. ஆகவேதான் மருத்துவர்கள் இரத்தத்தில் கலந்து செல்லும் ஒரு மருந்தைச் செலுத்தி, அது அந்த இடத்துக்குள் நுழைகிறதா என்று பார்க்கிறார்கள். சி.டி.க்கு அயோடின் கலந்த மருந்து, எம்.ஆர்.ஐ.க்குக் கடோலினியம் கலந்த மருந்து. மக்கள் வழக்கில் இரண்டுக்கும் ‘சாயம்’ என்றே பெயர். இவ்விரண்டும் உடலைவிட்டு வெளியேறும் முதன்மையான வழி சிறுநீரகமே. நலிந்த சிறுநீரகத்தை ஆராய, அதே சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அயோடின் மருந்தைப் பற்றிய அச்சம் ஒரு காலத்தில் தேவைக்கு மேல் வளர்ந்திருந்தது. 2020-இல் அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியும் அந்நாட்டின் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையும் கூட்டாக வெளியிட்ட கருத்துரை, வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே இருப்பவர்களிடமும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களிடமுமே கவனம் மிகுதியாகத் தேவை என்று கூறுகிறது. கடோலினியம் மருந்துகளுள் பழைய வகை சிலவற்றால், சிறுநீரகம் மிகவும் நலிந்தவர்களுக்குத் தோலும் தசையும் இறுகிப்போகும் ஒரு நோய் உண்டாவது 2006-இல் தெரியவந்தது. இப்போது பயன்படும் புதிய வகைகளில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு. ஆதலால், ‘கிரியாட்டினின் கூடியிருக்கிறது, சாயம் வேண்டவே வேண்டாம்’ என்று நோயாளியே முடிவு செய்து, மருத்துவர் அவசியம் என்று கூறிய சி.டி.யைத் தவிர்ப்பது சரியன்று. எங்கள் அனுபவத்தில் இப்படித் தவிர்த்து ஓராண்டு கழித்து வருபவர்களும் உண்டு. அவர்கள் இழந்த காலத்தைத் திருப்பித் தர எந்தக் கருவியாலும் இயலாது.

ஆயினும் நம் நோயாளி 30-க்குக் கீழே இருப்பவர். அவருக்கு நாங்கள் முதலில் பரிந்துரைத்தது நுண்குமிழி அல்ட்ராசவுண்ட்.

அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, ஒலி அலைகள் மட்டுமே உண்டு என்பது பலருக்கும் தெரியும். அந்த ஒலி, திசுக்களில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு படம் உருவாகிறது. இரத்தம் ஒலியை மிகச் சிறிதளவே திருப்பி அனுப்பும். அதனால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் சாதாரண அல்ட்ராசவுண்டில் தெரிவதில்லை. வண்ணத்தில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையும், ஓரளவு பெரிய குழாய்களில் ஓரளவு வேகமாக ஓடும் இரத்தத்தையே காட்ட வல்லது. மயிரினும் மெல்லிய குழாய்களில் ஊர்ந்து செல்லும் இரத்தம் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும்.

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீன் ஷா என்ற இரு மருத்துவர்கள், இதயத்துக்குள் ஒரு திரவத்தைச் செலுத்திய கணத்தில் அல்ட்ராசவுண்டில் மேகம் போல ஒரு பிரகாசம் எழுவதைப் பதிவு செய்தார்கள். திரவத்தோடு கலந்திருந்த மிகச்சிறு காற்றுக் குமிழிகளே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. வாயுக் குமிழி ஒலியை மிக வலிமையாகத் திருப்பி அனுப்பும். ஆனால் சாதாரணக் காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்த சில நொடிகளில் கரைந்துவிடும்; நுரையீரலைத் தாண்டி உடலின் மறுபக்கம் போய்ச் சேராது. இரத்தத்தில் எளிதில் கரையாத ஒரு வாயுவைத் தேர்ந்து, அதைச் சுற்றி மெல்லிய கொழுப்பு உறை ஒன்றைப் போர்த்தி, குமிழியைச் சில நிமிடங்கள் தாக்குப்பிடிக்கச் செய்த பின்னரே இது நடைமுறைக்கு வந்தது. இப்போது பரவலாகப் பயன்படும் சோனோவியூ என்ற மருந்தில் இருப்பது சல்ஃபர் ஹெக்சாஃப்ளூரைடு என்னும் வாயு. குமிழியின் சராசரி விட்டம் இரண்டு முதல் மூன்று மைக்ரான். இரத்தச் சிவப்பணுவின் விட்டம் ஏழெட்டு மைக்ரான். சிவப்பணு நுழையும் இடமெல்லாம் இந்தக் குமிழியும் நுழையும். ஆனால் இரத்தக் குழாயின் சுவரைத் தாண்டித் திசுவுக்குள் கசியாது. அயோடின் மருந்தும் கடோலினியமும் குழாய்க்கு வெளியே கசியக்கூடியவை. குமிழியோ இரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கியிருக்கும். ஆகவே ஓரிடத்தில் குமிழி தெரிந்தால் அங்கே இரத்தக் குழாய் உண்டு என்பது உறுதி.

மெல்லிய ஒலி அலை படும்போது இந்தக் குமிழிகள் சுருங்கி விரிகின்றன. விரிவது மிகுதி, சுருங்குவது குறைவு. இந்தச் சமமின்மையால் அவை எழுப்பும் எதிரொலி, திசுக்களின் எதிரொலியிலிருந்து தன்மையில் மாறுபடுகிறது. கருவி அந்த வேறுபாட்டைப் பிரித்தறிந்து, குமிழிகளை மட்டும் தனியே காட்டுகிறது. திரையின் ஒரு பாதியில் வழக்கமான படமும், மறு பாதியில் ஏறக்குறைய முழு இருளும் இருக்கும். ஊசி செலுத்திய பின் அந்த இருளில் சிறுநீரகம் ஒளிரத் தொடங்கும். உடனிருக்கும் குடும்பத்தினர் பலர் அந்தக் கணத்தில் தம்மை அறியாமல் இருக்கையிலிருந்து எழுந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. அதனால் ஊசி செலுத்திய 10 முதல் 15 நொடிகளிலேயே சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான புறணி ஒளிர்கிறது. அதன் பிறகு, அரை நிமிடம் கடந்து, உட்பகுதியும் மெல்ல நிறைகிறது. ஓரிரு நிமிடங்களில் ஒளி மங்கத் தொடங்கும். இந்தக் குறுகிய நேரத்தில் ஐயத்துக்குரிய இடம் என்ன செய்கிறது என்பதையே பார்க்கிறோம். அது சிறுநீரகத்தோடு சேர்ந்து ஒளிர்கிறதா, முந்திக்கொள்கிறதா, பின்தங்குகிறதா, முன்னரே மங்குகிறதா, அல்லது கடைசிவரை இருண்டே கிடக்கிறதா? நிகழ்வு முழுவதும் காணொளியாகப் பதிவாகும். ஐயம் எழுந்தால், குமிழிகளை ஒரு வலிய அலையால் உடைத்துவிட்டு, அவை மீண்டும் நிரம்புவதைப் பார்க்கலாம்.

பரிசோதனை முடிந்ததும் குமிழிகள் உடைந்து, உள்ளிருந்த வாயு நுரையீரல் வழியே மூச்சோடு வெளியேறிவிடும். பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே போய்விடுகிறது. கொழுப்பு உறை உடலின் இயல்பான கொழுப்புகளோடு சேர்கிறது. சிறுநீரகத்துக்கு இதில் எந்த வேலையும் இல்லை. கிரியாட்டினின் எந்த அளவில் இருந்தாலும், டயாலிசிஸில் இருந்தாலும், இதைச் செய்யலாம். ‘நரம்புக்குள்ளே காற்று போனால் ஆபத்து என்பார்களே?’ என்ற கேள்வி தவறாமல் வருகிறது. ஒரு வேளைக்கான மருந்தில் உள்ள வாயுவின் மொத்தக் கன அளவு ஒரு நீர்த்துளியில் பாதிக்கும் குறைவு. ‘சல்ஃபா மாத்திரை எனக்கு ஒவ்வாது’ என்று கூறுபவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. இந்த வாயுவின் பெயரில் சல்ஃபர் இருக்கிறதே ஒழிய, இது சல்ஃபா மருந்துகளின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. எனினும் அந்த ஒவ்வாமையை எங்களிடம் கூறுவதில் தவறில்லை. கூறாமல் மனத்துக்குள் அஞ்சிக்கொண்டு படுத்திருப்பதைவிட அது மேல்.

நம் நோயாளிக்கு என்ன தெரிந்தது? புறணி ஒளிர்ந்தது, பிறகு முழுச் சிறுநீரகமும் ஒளிர்ந்தது. அந்த மூன்று சென்டிமீட்டர் உருண்டை மட்டும், வெண்சுவரில் பதித்த கருங்கல் போல, கடைசிவரை கறுப்பாகவே இருந்தது. ஒரு குமிழிகூட உள்ளே செல்லவில்லை. பழைய இரத்தமோ புரதமோ கலந்து கெட்டிப்பட்ட நீர்க்கட்டி அது என்ற முடிவுக்கு வந்தோம்.

எல்லோருக்கும் விடை இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

சிலருக்கு, கட்டி போலத் தோன்றுவது கட்டியே அன்று. சிறுநீரகத்தின் இயல்பான திசுவே பிறவியிலேயே சற்றுப் புடைத்தோ உள்நோக்கி மடிந்தோ இருக்கும். அத்தகைய இடம் நுண்குமிழி ஸ்கேனில் சுற்றியுள்ள புறணியோடு ஒரே கணத்தில் ஒளிர்ந்து, ஒரே கணத்தில் மங்கும். பக்கத்துத் திசுவிலிருந்து அதைப் பிரித்தறியவே முடியாது. அந்தப் பிரிக்க இயலாமையே அது கட்டியன்று என்பதற்குச் சான்று. நாங்கள் மிகுந்த மகிழ்ச்சியோடு எழுதும் அறிக்கைகள் இவை.

இன்னும் சிலருக்கு, நீர்க்கட்டிக்குள் தடுப்புச்சுவர்கள் இருக்கும். இவற்றைத் தரம் பிரிக்க, நியூயார்க்கின் கதிரியக்க மருத்துவர் மார்ட்டன் பாஸ்னியாக் 1986-இல் ஒரு முறையை வகுத்தார். அறிக்கையில் ‘பாஸ்னியாக்’ என்று தொடங்கி ரோமன் எண்ணொன்றைப் பார்த்தால் அது இதுதான். ஒன்றும் இரண்டும் தீங்கற்றவை, பின்தொடரவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் ‘இரண்டு எஃப்’ என்று ஒரு படி உண்டு; அது தீங்கற்றதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி, எனினும் ஆறாம் மாதமும், ஓராண்டிலும், பிறகு ஆண்டுக்கொரு முறையுமாக ஐந்தாண்டு கவனிக்க வேண்டும். மூன்றாம் படியில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் புற்றுநோயாக அமைகிறது. நான்காம் படியில் பெரும்பாலும் புற்றுநோயே. இந்த முறை முதலில் சி.டி.க்காக உருவானது. தடுப்புச்சுவரில் குமிழி ஓடுகிறதா என்பதைக் கொண்டு நுண்குமிழி ஸ்கேனுக்கும் இதைப் பொருத்தும் வழியை ஐரோப்பிய அல்ட்ராசவுண்ட் கூட்டமைப்பு 2020-இல் வெளியிட்டது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை நோயாளிகள் அறிந்திருப்பது நல்லது. நுண்குமிழி ஸ்கேனின் கண் மிகக் கூர்மையானது. தடுப்புச்சுவரில் ஒன்றிரண்டு குமிழிகள் ஊர்ந்து சென்றாலும் காட்டிவிடும். அதனால் சி.டி.யில் இரண்டாம் படியாக இருந்தது இதில் இரண்டு எஃப் ஆகவோ மூன்றாகவோ உயரக்கூடும். ‘போன மாதம் இரண்டு, இந்த மாதம் மூன்று, நோய் முற்றிவிட்டதா?’ என்று கண்ணீரோடு கேட்பவர்கள் உண்டு. முற்றியதாகப் பொருளில்லை, பார்த்த கருவி மாறியிருக்கிறது. அறிக்கைகளை ஒப்பிடும்போது ஒரே வகைக் கருவியில் எடுத்தவற்றையே ஒப்பிட வேண்டும்.

திடக்கட்டிக்குள் குமிழிகள் நுழைந்தால்? அது உயிருள்ள கட்டி என்பது உறுதியாகும். ஆனால் புற்றுநோயா என்பது அதனால் மட்டும் உறுதியாகிவிடாது. கொழுப்பும் இரத்தக் குழாய்களும் கலந்த தீங்கற்ற கட்டி ஒன்று உண்டு. ஆன்கோசைட்டோமா என்று இன்னொன்று உண்டு. இவற்றிலும் இரத்தம் ஓடும், குமிழியும் ஒளிரும். இவற்றையும் புற்றுநோயையும் நுண்குமிழி ஸ்கேனைக் கொண்டு மட்டும் உறுதியாகப் பிரித்தறிய இயலாது. இதை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை. நான்கு சென்டிமீட்டருக்குட்பட்ட திடக்கட்டிகளை அறுவை செய்து எடுத்த பின் ஆய்ந்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக இருப்பதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள். அதனால்தான் இத்தகைய கட்டிகளுக்குச் சில வேளைகளில் ஊசி மூலம் சிறு துணுக்கை எடுத்துப் பயாப்ஸி பார்க்கிறோம். நோயாளியின் வயதையும் உடல்நிலையையும் பொறுத்துச் சில மாதங்கள் கவனித்திருப்பதும் உண்டு.

வேறு எல்லைகளும் இருக்கின்றன. ஒரு ஊசியில் ஓர் இடத்தையே நன்கு ஆராயலாம். இரு சிறுநீரகங்களிலும் பல கட்டிகள் இருப்பவருக்கு இது தோதுப்படாது. உடல் பருமனும் குடலிலுள்ள வாயுவும் படத்தை மறைக்கும். சுண்ணாம்புப் படிவு நிறைந்த கட்டியின் பின்புறம் தெரியாது. புற்றுநோய் என்று ஐயம் வலுத்தால், அது நுரையீரலுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருக்கிறதா என்பதை இந்த ஸ்கேன் கூறாது, அதற்குச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. வேண்டும். அப்போது, ‘ஊசி போட்டு ஒரு ஸ்கேன் எடுத்தாயிற்றே’ என்று மனம் சோர வேண்டாம். மேலும், சிறுநீரகக் கட்டிகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்துவதை வழிகாட்டுதல்கள் ஆதரித்தாலும், பல நாடுகளில் மருந்தின் அனுமதிக் குறிப்பில் கல்லீரல், இதயம் போன்றவையே இடம்பெறுகின்றன. ஒப்புதல் படிவம் தரும்போது இதை உங்களுக்கு விளக்குமாறு நீங்கள் கேட்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி: வயிற்று உறுப்புகளுக்காகச் செய்யப்பட்ட 23,188 பரிசோதனைகளை ஆராய்ந்து 2006-இல் வெளியான இத்தாலிய ஆய்வில் உயிரிழப்பு ஏதுமில்லை, கடுமையான பக்கவிளைவு இருவருக்கு ஏற்பட்டது. ஆபத்து மிகக் குறைவு, ஆனால் பூஜ்யமன்று. ஒவ்வாமை ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் அரைமணி நேரத்துக்குள் ஏற்படும். அதனால்தான் பரிசோதனை பத்து நிமிடத்தில் முடிந்தாலும் உங்களை உடனே அனுப்பாமல் உட்கார வைக்கிறோம். பேருந்துக்கு நேரமாகிறது என்று அந்த அரைமணியில் நழுவிச் செல்ல வேண்டாம் என்று அன்போடு வேண்டுகிறோம்.

வருமுன் எங்களிடம் கூற வேண்டியவை சில. அண்மையில் மாரடைப்போ கடும் நெஞ்சுவலியோ ஏற்பட்டிருந்தால், பிறவியிலேயே இதயத்தில் துளை இருந்தால், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருந்தால், கருவுற்றிருந்தால் அவசியம் தெரிவியுங்கள். இம்மருந்தில் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொருள் உண்டு. மலச்சிக்கலுக்கான சில பொடிகளிலும், பெருங்குடல் ஸ்கோப்புக்கு முன் குடிக்கும் மருந்திலும் அதுவே இருக்கிறது. அவற்றைக் குடித்து உடல் முழுவதும் தடித்ததாகவோ மூச்சுத் திணறியதாகவோ நினைவிருந்தால், சிறு விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஃபிஸ்டுலா உள்ள கையைக் காட்டி, ஊசியை மறு கையில் போடச் சொல்லுங்கள். பழைய ஸ்கேன்களின் படங்களையும் சி.டி. தட்டையும் கொண்டு வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. மூன்றாண்டுக்கு முந்தைய படத்தில் அதே உருண்டை அதே அளவில் இருந்ததைக் கண்டு, ஊசியே போடாமல் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

நம் நோயாளியின் மகன் அன்று மாலை அறிக்கையை வாங்கிக்கொண்டு, “அப்போ இதை எடுத்துடணுமா?” என்று கேட்டார். எடுக்க வேண்டியதில்லை என்றோம். ஆறு மாதம் கழித்துச் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஒன்று, அளவு மாறியிருக்கிறதா என்று பார்க்க. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்க வேண்டும், மூட்டுவலிக்குக் கடையில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. தந்தை அதுவரை பேசாமல் இருந்தவர், முழங்கால் வலிக்குப் பல மாதங்களாக அப்படியொரு மாத்திரையை விழுங்கி வருவதாக அப்போதுதான் கூறினார். அவருடைய சிறுநீரகங்களைப் பொறுத்தவரை அந்த நீர்க்கட்டியைவிட அந்த மாத்திரையே நாங்கள் கவலைப்பட வேண்டியதாக இருந்தது. அதன் பெயரைக் குறித்துக்கொண்டு, அவரைச் சிறுநீரகப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம்.